நிகர எடை

லோரி உள்ளே வரும்போது ஓர் எடை.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை.
கழித்தால் வருவது நிகரம்.
பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை,
சுங்காய்க்கு அப்பால், செம்பனை ஆலையின் வாசலில்,
ஏர்கோன் பாதி நாள் ஓடாத
ஒரு கண்ணாடிக் கூண்டில்.

"கிராணி இல்லையாம்மா?"
புதிதாக வரும் ஓட்டுநர்
என் தோளுக்குப் பின்னால் தேடுவார்.
நான்தான் கிராணி.
ஓ, என்பார். மறுநாளிலிருந்து கிராணியம்மா என்பார்.
தோட்டம் தோன்றிய நாளாய் அந்தச் சொல்லுக்குக்
கிராணியின் மனைவி என்றுதான் பொருள்.
மணமாகாத நான்
எனக்கே மனைவியாகி
அவர் லோரியை எடை போடுகிறேன்.

போன மழைக்காலத்தில்
எழுத்தாளர் வட்டத் தலைவர் வீரசேகரன்
ஒரு பையோடு வந்தார்.
பன்னிரண்டு சிறுகதைகள். தோட்டத்துப் பெண்களைப் பற்றி.
எழுதியவர்கள் பன்னிரண்டு ஆண்கள்.
"உனக்குத்தான் தமிழ்த் தட்டச்சு வருமே,
ராத்திரியில் உட்கார்ந்து முடிச்சிடும்மா.
நன்றியுரையில் பேர் சொல்லிடலாம்."

தட்டினேன்.
எல்லாக் கதையிலும் விடியற்காலைப் பனி.
எல்லாப் பனியிலும் ஒருத்தி, காண்டா வாளியோடு,
மெழுகுவர்த்தியாய் உருகிக்கொண்டு.
பால் கணக்குச் சரியில்லை என்று
மண்டோரிடம் எவளாவது சத்தம் போட்டால்
மூன்றாம் பக்கத்தில் வாயாடி,
ஐந்தாம் பக்கத்தில் திருந்திவிடுகிறாள்.
படித்தவள் கோலாலம்பூர் போய்க் கெட்டுப்போகிறாள்.
படிக்காதவள் கெட்டுப்போகாமல்
செத்துப்போகிறாள்.
ஆற்றில் நால்வர். களைக்கொல்லியில் மூவர்.
ஒருத்தி ஏன் சாகிறாள் என்று எழுதியவருக்கே தெரியவில்லை;
தாள் தீர்ந்திருக்க வேண்டும்.

களைக்கொல்லி எனக்குத் தெரியும்.
அம்மா அதைப் பத்தொன்பது வருடம்
முதுகில் சுமந்து தெளித்தாள்.
நகம் நகமாக உதிர்ந்தது.
அதற்கு ஒரு கதையும் இல்லை.
உருகியவளும் இல்லை அவள்:
சம்பள நாளில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தால்
லயத்தில் நான்கு ஆம்பளைகள் பை காலி.
அந்தக் காசில்தான் எனக்குக் கணக்கு டியூஷன்.
"தியாகமாவது மண்ணாவது,
நல்லா ஆடினேன்டி" என்பாள்.

ஏழாவது கதை தலைவருடையது.
நாயகி செண்பகலட்சுமி.
புருஷன் சந்தேகப்பட்டான்;
தான் பத்தினி என்று காட்டப்
புட்டியைத் திறக்கிறாள்.
ராத்திரி பன்னிரண்டரை. வெளியே தவளைகள்.
விரல் அந்த வரியில் நின்றது.
பிறகு இப்படித் தட்டினேன்:
'புட்டியை அலமாரியில் திருப்பி வைத்தாள்.
ஃபேக்டரி பஸ் ஆறு பத்துக்கு.
குடையைத் தேடினாள்.'
அவ்வளவுதான். எட்டாவது கதைக்குப் போய்விட்டேன்.

மூன்று பேர் பிழை திருத்தியதாக
முன்னுரையில் இருக்கிறது.

வெளியீட்டு விழா, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்.
பின்கட்டில் நாங்கள் மீகூன் பிரட்டிக்கொண்டிருந்தோம்.
ஒலிபெருக்கியில் தலைவரின் குரல்
தன் கதையின் கடைசிப் பக்கத்தில்
தழுதழுத்து, தழுதழுத்து,
அழுகைக்குச் சபையைத் தயார் செய்து
குடையில் வந்து
நின்றது.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

தாளைப் புரட்டும் சத்தம்.
மறுபக்கத்தில் வேறு யாருடையதோ பனி.
இருமினார்.
"குடையைத்... தேடினாள்" என்றார் மறுபடியும்,
தொலைத்தது தானே என்பது போல.
முன்வரிசையில் யாரோ கைதட்ட
எல்லாரும் தட்டினார்கள்.
திறனாய்வாளர் அந்த முடிவை மட்டும் எடுத்துப் பேசினார்:
ஓர் ஆணால் இப்படிப் பெண் மனதை
எழுத முடிந்திருக்கிறதே.

நன்றியுரையில் என் பெயர் வந்தது.
திருமதி குமுதவல்லி, நம்ம கிராணியம்மா.

திங்கட்கிழமை மழை.
ஆறு பத்து பஸ் ஆலை வாசலைக் கடந்தது.
கண்ணாடியெல்லாம் ஆவி, முகம் எதுவும் தெரியவில்லை.
கடைசி இருக்கையில் ஒரு கை மட்டும்
ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

முதல் லோரி ஏறியது.
முப்பத்தொரு டன் சொச்சம்.
"கிராணி இல்லையாம்மா?"